டப்பா எர்மெசின் இரண்டாவது நோட்டீஸ்

நாற்பது வருஷமாக இந்த இத்தாலிப் பள்ளத்தாக்கின் சாவு நோட்டீஸ்களை அச்சக்கார வித்தோரே என்கிற நான்தான் அச்சடிக்கிறேன். கறுப்புக் கட்டம், சிலுவை, பெயர், வயது, அழுகிறவர்களின் பட்டியல். ஒரே ஆளுக்கு இரண்டு தடவை நோட்டீஸ் அடித்தது ஒரு முறைதான். செத்தவன் இரும்புக்கடை எர்மெஸ் தால் பிரா. அடிக்க வைத்தவள் தெல்ஃபீனா. இது அவளுடைய கதை. அவனைப் பற்றித் தனியாகச் சொல்ல எனக்கு மனசு வராது.

தெல்ஃபீனா என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். கீழே ஆற்றோரத்தில் இருக்கும் மூக்குக்கண்ணாடித் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தாள். கண்ணாடியின் கால் மடங்கும் இடத்தில் எள் அளவில் ஒரு திருகாணி இருக்கிறதே, அது ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. கழுத்தில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "ஆம்பளைங்களையும் லென்ஸ் வெச்சுதான் பாத்தேன், ஒண்ணும் தேறல" என்பாள். வீட்டில் அவளும் மோரோ என்கிற கறுப்பு நாயும் மட்டும். மோரோவுக்குப் பன்னிரண்டு வயது, காது மந்தம், மாடிப்படிக்கு அடியில்தான் படுக்கை.

தோள்பட்டை வலி வந்த பிறகு விறகு பிளக்க முடியாமல் அவள் பெல்லட் அடுப்புக்கு மாறினாள். மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளை மூட்டையிலிருந்து கொட்டிவிட்டால் போதும், மிச்சத்தை அடுப்பே பார்த்துக்கொள்ளும். ஆனால் அதன் சாம்பல் இருக்கிறதே, சலித்த மாவைவிட நைஸ். இரண்டு நாள் எடுக்காமல் விட்டால் அடுப்பு இருமும், புகையும், அணையும். அதனால் எர்மெசின் கடைக்குப் போனாள்.

"சாம்பல் எடுக்கறதுக்குன்னே ஒரு வேக்குவம் இருக்காமே?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் கம்பெனிக்காரன் கட்டி விடற கதைம்மா" என்றான் எர்மெஸ். "தூசியும் தூசிதான், சாம்பலும் தூசிதான். இத எடுத்துட்டுப் போ. என் வீட்ல இதத்தான் வெச்சிருக்கேன்."

பிளாஸ்டிக் உடம்பு, உள்ளே துணிப்பை. தரையில் தூசி உறிஞ்சுகிற சாதாரண வீட்டு வேக்குவம். அவள் வாங்கிக்கொண்டு போனாள்.

தெல்ஃபீனா ஒன்றும் முட்டாள் இல்லை. முந்தின நாளே அடுப்பை அணைத்துவிட்டு, காலையில் சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. உறிஞ்சி முடித்து, மெஷினைப் படிக்கு அடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். சாம்பலுக்குள் கடுகளவு ஒரு கங்கு உயிரோடு இருந்திருக்கிறது. அது பைக்குள் போய்த் துணியைத் தின்று, பிறகு பிளாஸ்டிக்கைத் தின்றது. ஜன்னல் கதவெல்லாம் சாத்தியிருந்ததால் காற்று கிடைக்காமல் தீ அணைந்துவிட்டது. வீடு தப்பித்தது. மோரோ தப்பவில்லை. சாயங்காலம் கதவைத் திறந்த தெல்ஃபீனா, புகையில் விறைத்துக் கிடந்த நாயைத் தூக்கிக்கொண்டு தெருவில் வந்து நின்றாள். முகமெல்லாம் கரி. அழவே இல்லை. எனக்கு அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

மறுநாள் பாரில் இதே பேச்சு. எர்மெஸ் ஒயின் கிளாசோடு சாய்ந்து நின்றுகொண்டு, "லேபிள் படிக்கத் தெரியாதவளுக்கு எதுக்குய்யா மெஷினு?" என்றான். "சரி விடு, நாய எரிக்கிற வேலையாவது மிச்சம்!"

நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை எழுதும்போது கூசுகிறது, ஆனாலும் சிரித்தேன். அப்புறம்தான் வாசலில் தெல்ஃபீனா நிற்பதைப் பார்த்தோம். எவ்வளவு நேரமாக நின்றாளோ. திரும்பிப் போனாள். பத்து நிமிஷத்தில் அந்த வேக்குவம் வந்த அட்டைப்பெட்டியோடு வந்து, அதை எர்மெசின் கிளாசுக்குப் பக்கத்தில் வைத்தாள். பெட்டியின் மேல் அவன் கடை விலைச் சீட்டு. நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி, கிழியாமல், மெதுவாக உரித்தாள். அடியில் சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் நெருப்புப் படம். படத்தின் குறுக்கே ஒரு கோடு.

"எனக்கு லேபிள் படிக்கத் தெரியும், எர்மெஸ்" என்றாள். "நீ அது மேல விலைய ஒட்டாம இருந்திருந்தா."

எர்மெசின் தாடை இறுகியது.

"கடையில ஆயிரம் சாமான் இருக்கு. எது மேல எது ஒட்டியிருக்குன்னு நான் கண்டேனா?"

"நீதான் ஒட்டின. உனக்குத் தெரியும். ஒரே ஒரு வாக்கியம் சொல்லு, 'தெரிஞ்சுதான் வித்தேன், நாய் செத்தது என்னால'ன்னு. இங்கயே, இவங்க முன்னாடி. சொல்லிட்டா நான் போயிடறேன்."

"நாய்க்காக நான் மன்னிப்பு கேக்கணுமா? போம்மா, போய் வேலையப் பாரு."

"டப்பா" என்றாள் தெல்ஃபீனா.

எங்களுக்குத் தகர டப்பாவும் டப்பா, ஏமாற்றித் தலையில் கட்டிவிடுகிற ஓட்டைச் சாமானும் டப்பா, கட்டிவிடுகிறவனும் டப்பா. அந்தச் சொல் அவன் மேல் ஈரச் சேறு மாதிரி அப்பிக்கொண்டது.

"எழுதி வெச்சுக்கோ" என்றாள். "உன் சாவு நோட்டீசுல இந்தப் பேர் இருக்கும். அத உன் வீட்டு ஆளே கேட்டுப் போடும். அதப் பாக்காம நான் சாகமாட்டேன்."

இது வெறும் வாய்ச் சாபம் இல்லை. எங்கள் ஊரில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் தால் பிரா. எர்மெஸ் தால் பிராவே இரண்டு பேர். இவன் ஒருத்தன், மேல்கரையில் ஆடு வளர்க்கிற சேவல் எர்மெஸ் இன்னொருத்தன். அதனால் நோட்டீசில் பெயருக்குக் கீழே 'இன்னார் என்று அழைக்கப்பட்டவர்' என்று பட்டப்பெயரையும் போடுவோம். போடாவிட்டால் செத்தது யார் என்றே தெரியாது.

பழி வாங்க முதலில் ஆயுதம் வேண்டும் அல்லவா? தெல்ஃபீனா லீவு போட்டுவிட்டு, கழுத்தில் லென்ஸோடு, பையில் ஒரு பொட்டலம் மாவோடு, மாகாணத் தலைநகர் பெல்லூனோவுக்கு பஸ் ஏறினாள். சாம்பல் வேக்குவம் என்றால் என்ன என்று அந்த மாகாணத்தில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் இருக்கக் கூடாது என்று முடிவு கட்டியிருந்தாள்.

முதல் கடைக்காரன், "ஆயிரத்து இருநூறு வாட்டு, அப்படி இழுக்கும்!" என்றான்.

"இழுக்கறது கிடக்கட்டும். இழுத்தத எங்க வெச்சுக்குதுன்னு காட்டு" என்றாள் இவள்.

பிறகு சாம்பலுக்குப் பதிலாகக் கவுன்ட்டரில் மாவைக் கொட்டினாள். "இத உறிஞ்சு" என்றாள். மெஷினின் பின்பக்கம் காற்று வெளியே வரும் இடத்தில், தொழிற்சாலையில் லென்ஸ் துடைக்கிற கறுப்புத் துணியை விரித்துப் பிடித்தாள். துணி வெள்ளையானது. "உன் மெஷின் முன்னாடி தின்னு பின்னாடி துப்புது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். இரண்டாவது கடையில் துணி தேறியது, ஆனால் குழாய் பிளாஸ்டிக். "கங்கு போற வழி இதுதானே? இது உருகினா?" என்றாள். மூன்றாவது கடையில் இரும்பு டப்பா, இரும்புக் குழாய். கங்கை மறிக்க ஒரு கம்பி வலை, அதற்கு மேல் நைஸ் சாம்பலைப் பிடிக்க மடிப்பு மடிப்பாக ஒரு ஃபில்டர். மூடியைத் திறக்காமலே ஃபில்டரை உதற வெளியே ஒரு பிடி. கறுப்புத் துணி கறுப்பாகவே இருந்தது. ஒவ்வொரு திருகாணியையும் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள்.

அடுத்த சனிக்கிழமை எர்மெசின் கடைக்குள் நுழைந்து ஒரே ஒரு திருகாணி கேட்டாள். வாடிக்கையாளரை வெளியே போ என்று சொல்ல முடியுமா? திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு, வேக்குவம் அடுக்கியிருந்த இடத்தில் போய் நின்றாள். யார் வந்தாலும் பேச்சு ஆரம்பம்.

"அடுப்புக்கா வாங்கறீங்க? இது பிளாஸ்டிக், வேணாம். இது இரும்பு, ஆனா ஃபில்டர் ஒத்தைதான், சுவரெல்லாம் கரியாயிடும். எத வாங்கினாலும் அடுப்ப அணைச்சு ஒரு முழு நாள் விடுங்க. கையில சில்லுன்னு இருந்தா நம்பாதீங்க, கிளறிப் பாருங்க. உறிஞ்சின கையோட வெளிய கொண்டுபோய்க் கொட்டிடுங்க, வீட்டுக்குள்ள வெக்காதீங்க. டப்பா சொல்றதக் கேட்டு ஒரு உயிர் போச்சு."

"எந்த டப்பா?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள்.

"அதோ, கல்லாவுல நிக்குதே."

பனி கொட்டினாலும் சனிக்கிழமை தவறாமல் வந்தாள். காய்ச்சலோடும் வந்தாள். இப்படிப் பதினொரு வருஷம். அவள் வீட்டு ஜன்னலில் ஊறுகாய்ச் சீசா ஒன்று திருகாணிகளால் நிறைந்து, இரண்டாவது சீசாவும் பாதிக்கு வந்தது. எர்மெசுக்கு வேறு வழியில்லை, நல்ல மெஷின்களாக வாங்கி வைத்தான். அப்போதும் அவள் வந்தாள். "இப்பதான் நல்லதா விக்கிறானே, விட்டுடேன்" என்று நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"நல்ல மெஷின் வாங்கவா போறேன்? எனக்கு வேண்டியது ஒரு வாக்கியம், வித்தோரே. அது அவன் கடையில ஸ்டாக் இல்ல." பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீயும் அன்னிக்குச் சிரிச்ச. மறக்கல."

ஒரு கிறிஸ்துமசுக்கு எர்மெஸ் கடையிலேயே உசத்தியான வேக்குவத்தை ரிப்பன் கட்டித் தூக்கிக்கொண்டு அவள் வீட்டு வாசலுக்குப் போனான்.

"இத வெச்சுக்க, தெல்ஃபீனா. இதோட முடிச்சுக்கலாம். சின்னப் பசங்ககூட என்ன டப்பான்னு கூப்பிடுதுங்க."

"வாக்கியம் கொண்டாந்தியா?"

"நாயிம்மா அது! வெறும் நாயி!"

கதவை அறைந்து சாத்தினாள். ரிப்பன் கட்டின மெஷின் மூன்று நாள் பனியில் கிடந்தது. பிறகு அவனே வந்து எடுத்துப் போனான்.

போன மார்ச்சில், எழுபத்தொரு வயதில், எர்மெஸ் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். மகள் லொரெத்தா வெரோனாவிலிருந்து வந்தாள். கண்டிப்பாகச் சொன்னாள்: "பட்டப்பேர் கிட்டப்பேர் ஒண்ணும் வேணாம். அப்பாவோட பேரு, அவ்ளோதான்." கொடுத்த படமோ அவனுடைய இருபத்தெட்டு வயதுப் படம், தலை நிறைய முடி. நான் என்ன சொல்ல? அடித்தேன், கோயில் சுவரில் ஒட்டினேன்.

ஊரே மேல்கரைக்குப் போய்விட்டது. சேவல் எர்மெசுக்கும் அதே வயது, நெஞ்சுச் சளி வேறு என்று எல்லோருக்கும் தெரியும், அவன்தான் செத்தான் என்று நினைத்துவிட்டார்கள். கேக், சூப், கண்ணீர் எல்லாம் அங்கே போயின. சேவல் கதவைத் திறந்து, "நான் இன்னும் சாகலடா! சரி சரி, கேக்க வெச்சிட்டுப் போங்க" என்றானாம். இங்கே ராத்திரி ஜெபமாலை சொல்ல லொரெத்தாவோடு சேர்த்து ஏழு பேர். முப்பது வருஷம் ஊருக்கே ஆணி விற்றவனுக்கு ஏழு பேர். மறுநாள் காலையில் பார்த்தால், சுவரில் இருந்த நோட்டீசில் பெயருக்குக் கீழே யாரோ பேனாவால் 'டப்பா' என்று எழுதியிருந்தார்கள்.

அந்த நோட்டீசைக் கையில் கசக்கிப் பிடித்துக்கொண்டு லொரெத்தா என் அச்சகத்துக்கு வந்தாள். தெல்ஃபீனாவும் அங்கே இருந்தாள். தற்செயலாக என்று சொன்னால் நானே நம்ப மாட்டேன்.

"மத்தியானம் அடக்கம்" என்றாள் லொரெத்தா. "பேர மட்டும் போட்டா யாருன்னே புரியல. இரும்புக்கடை எர்மெஸ்னு போட்டா கிழிச்சிடுவாங்க, இல்லாட்டி கிறுக்குவாங்க. தெல்ஃபீனாம்மா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊரு கேக்கும். போன மனுஷன். விட்டுடுங்களேன்."

தெல்ஃபீனா நிதானமாக லென்சைத் துடைத்தாள். "விட்டுடறேன்மா. டப்பாவ நானே எல்லார் வாயிலேருந்தும் எடுத்துடறேன். அதுக்குப் பதிலா நோட்டீசுல அடியில ஒரே வரி. 'மோரோவின் சாவுக்கு வருந்துகிறோம்.' அவ்ளோதான். சின்ன எழுத்துல போட்டாலும் போதும்."

லொரெத்தா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். தாடை இறுகியது. பாரில் அன்றைக்கு எர்மெசுக்கு இறுகின அதே தாடை.

"ஒரு நாய்க்காகவா?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "டப்பான்னே போடுங்க."

போட்டேன். 'டப்பா என்று அழைக்கப்பட்டவர்.' அந்த ஒரு சொல்லை மட்டும் இரண்டு அளவு பெரிதாக வைத்தேன். அன்றைக்குச் சிரித்ததற்கு என்னால் முடிந்தது அதுதான். மத்தியானம் கோயில் நிரம்பி வழிந்தது. யார் செத்தது என்று ஊருக்கு இப்போது தெரிந்துவிட்டது.

தெல்ஃபீனா சவ ஊர்வலத்துக்குப் போகவில்லை. அச்சகத்து ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள். மை காயாத ஒரு நோட்டீசைக் கேட்டு வாங்கி, லென்ஸ் வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தாள். பதினொரு வருஷம் வராத அழுகை அப்போது வந்தது.

"ஜெயிச்சுட்டேன் வித்தோரே" என்றாள். "ஆனா பாரு, ரெண்டு தலைமுறையும் மானத்த விக்கும், அந்த ஒரு வரியத் தராது. பாவிங்க."

"அதக் கொண்டுபோய் அடுப்புல போட்டு எரிச்சிடு, மனசு ஆறும்" என்றேன்.

மூக்கைச் சிந்திக்கொண்டு என்னை முறைத்தாள்.

"பெல்லட் அடுப்புல காகிதமா? உனக்கும் லேபிள் படிக்கத் தெரியாது" என்றாள். "காகிதச் சாம்பல் ஃபில்டர அடைச்சிடும்."

நோட்டீஸ் இப்போது அவள் வீட்டு மாடிப்படிக்கு அடியில், மோரோவின் கழுத்துப்பட்டை தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான்கு மூலைக்கும் நான்கு திருகாணி. எல்லாம் டப்பா கடையில் வாங்கியவை.