போகாத பனாமாவுக்கு ஒரு சேவல்

என் வீட்டுக்காரர் பனாமாவுக்குப் போகப்போகிறார் என்பதை நான் எங்கள் வேதக்கோயிலில் வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் அவர் பூகோள வாத்தியார். காலையில் என் கையால் புட்டும் பழமும் வாங்கித் தின்றுவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் என்னோடு ஆராதனைக்கு நடந்து வந்த மனிதர்!

பயணம் போகிறவர்களுக்காகச் சபையார் ஜெபிப்பது எங்கள் வழக்கம். எல்லாரும் ஆமென் சொல்லிவிட்டால் அப்புறம் அந்தப் பயணத்தை மறிக்க யாருக்கும் வாய் வராது. எங்கள் குருவானவரை ஐயர் என்போம். அவர் அன்று, "நம்ம வாத்தியார் பனாமா தேசத்துக்குக் கால்வாய் வேலைக்குப் போறார்" என்றதும் பெண்கள் பக்கம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. ஆமென் சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஊருக்கெல்லாம் தெரியலாம், கட்டினவளுக்குத் தெரியக்கூடாதாக்கும்?"

"சொன்னா நீ விடவா போற? ரெண்டு சமுத்திரத்த ஒண்ணாக்குதாங்க ஏட்டி! படத்துல குச்சி வச்சுக் காட்டியே நான் கிழவனாயிருவேன். ஒருதரம் கண்ணால பாக்கணும்."

தூத்துக்குடி, கொழும்பு, லண்டன் என்று தரையில் கரித்துண்டால் வழி போட்டார். கொழும்பு வரை காயல்பட்டினத்து வியாபாரி ஒருவர் துணையாம். எல்லாம் பேசி முடித்திருக்கிறார்.

"சரி, நானும் பிள்ளைகளும் வாறோம்" என்றேன்.

அவர் கரித்துண்டைக் கீழே போட்டார். "நீ வரப்படாது. அங்கன விஷக்காய்ச்சல். கொத்துக்கொத்தாச் சாவுதாங்களாம். பிள்ளைகளுக்கு நம்மள்ல ஒருத்தராவது வேணும்லா?"

அடப்பாவி மனுஷா! சாவையும் யோசித்து வைத்துக்கொண்டா என் புட்டைத் தின்றார்? அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை. அந்த வாரம் முழுக்க அவருக்குப் புட்டு அவிக்கவில்லை.

பயணம் சுகமாய் முடிந்தால் நன்றியாக ஸ்தோத்திரக் காணிக்கை படைப்பதும் எங்கள் வழக்கம்தான். மறு ஞாயிறு வீட்டுச் சேவலைக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு நேரே ஐயரிடம் போனேன்.

"பனாமா பயணம் நல்லபடியா முடிஞ்சதுக்கு, ஐயரே."

"வாத்தியார் இன்னும் கிளம்பவே இல்லையேம்மா?"

"திரும்பியாச்சு ஐயரே. அந்தா உக்காந்திருக்காக பாருங்க."

ஐயர் ஆண்கள் பக்கம் பார்த்தார். இவர் எழுந்து இல்லையென்று சொல்லியிருக்கலாம். ஆனால் குனிந்த தலை நிமிரவில்லை. ஐயர் ஸ்தோத்திரம் ஏறெடுத்தார். நான் சொன்ன ஆமென் தெருவரை கேட்டிருக்கும்.

ஆராதனை முடிந்து காணிக்கைகளை ஏலம் விட்டார்கள். சேவலை எடுத்தது இவர்தான். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். வாசலில் வந்து நின்று,

"சாவுக்குப் பயந்து நான் பயணத்த நிறுத்தல ஏட்டி" என்றார். "போன வாரம் ஊரே ஆமென் சொல்லுது, நீ மட்டும் சொல்லல. ஆம்பளையாள் பக்கம் இருந்து ஒன்னயத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."