சாந்தியின் ரோசாவுக்கு நான் கட்டிய நூல்

நேற்று வேலையால் வந்து பார்த்தால் ரோசாக் கன்று முறிந்து கிடந்தது.

காற்று முறித்தது என்று எழுதிவிட்டுத் தப்பியிருக்கலாம். ஆக்லாந்தில் எந்தப் பழியையும் காற்றின் தலையில் போடலாம், ஒருவரும் மறுத்துக் கதைக்க மாட்டார்கள்.

ஆனால் முறித்தது நான்.

பாபகூராவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டு வாசலில் என் மனைவி சாந்தி ஒரு ரோசா வைத்திருந்தாள். வெளிறிய மஞ்சள், ஓரத்தில் மட்டும் இளஞ்சிவப்பு. பெயர் அவளுக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மனிசி வீடு மாறும்போது கொடுத்துவிட்டுப் போனது.

போன வருடம் சாந்தி போய்விட்டாள். செத்தவீட்டுக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள்.

கொஞ்ச நாளில் வீட்டுக்காரர் சொன்னார், வீட்டை இடித்து டவுன்ஹவுஸ் கட்டப் போகிறாராம்.

செடியைக் கிளப்பப் பார்த்தேன். வேர் டிரைவ்வே கொங்கிறீற்றுக்கு அடியில் போயிருந்தது. (கிளம்பியது என் முதுகுதான்.)

தடிகளை வெட்டி நட்டேன். எல்லாம் அழுகின.

நர்சரியில் படத்தைக் காட்டினேன். இந்த நிறத்தில் எத்தனையோ உண்டு, எது என்று சொல்ல முடியாது என்றார்கள்.

பென்ரோஸில் என்னோடு வேர்ஹவுஸில் வேலை செய்யும் சரவணன்தான் வழி சொன்னான். மதுரைக்காரன். வீட்டில் ஒரே மரத்தில் மூன்று வகைப் பிளம்ஸ் ஒட்டி வைத்திருப்பவன்.

"கண்ணு எடுத்து ஒட்டிரலாம்ணே. காட்டு ரோஜாச் செடி நான் தாரேன்."

சாந்தியின் செடியிலிருந்து துளிர் வரும் கண்களை நகமளவு பட்டையோடு சீவி எடுத்தான். சட்டிகளில் கொண்டுவந்த காட்டு ரோசாக்களின் பட்டையைக் கீறி உள்ளே செருகினான். டேப்பால் சுற்றினான்.

நானும் ஒன்று ஒட்டினேன். அதுதான் முதலில் கறுத்தது.

குளிர் முடியும்போது சரவணன் ஒட்டியதில் ஒரு கண் மட்டும் பச்சையாக இருந்தது. அதற்குள் நாங்கள் வீடு மாறியிருந்தோம்; பழைய வீட்டையும் வாசல் ரோசாவையும் மண் தோண்டும் டிகர் வழித்துக்கொண்டு போய்விட்டது.

அவளுடைய ரோசா என்று மிச்சம் இருந்தது அந்தக் கண் ஒன்றுதான்.

டேப்பைச் சரவணன் முன்பே வந்து அவிழ்த்துவிட்டிருந்தான். "விட்டா தண்டு பருக்கும்போது கழுத்த நெரிச்சிடும்ணே" என்றான்.

தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்கு நன்றாக வரும். (பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் பத்தாம் வகுப்பு வரை போய்ச் சேர்ந்தேன்.)

கண் துளிர்த்து விரல் நீளம் வந்த நேரம், மகள் அபியின் பிறந்தநாள். கோயிலில் அர்ச்சனை செய்தோம். ஐயர் எங்கள் இருவர் கையிலும் சிவப்பு நூல் கட்டினார்.

"இன்னொரு நூலும் வேணும் ஐயா. வீட்டில ஒராள் இருக்கு."

"பேர், நட்சத்திரம்?"

"சாந்தி. அவிட்டம்."

அபி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஐயர் மந்திரம் சொல்லித் தந்த நூலைக் கொண்டுவந்து, துளிரின் அடியில், கண் ஒட்டிய இடத்தில், மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன்.

செடி வளர்ந்தது. ஒரு மொட்டும் வைத்தது.

போன கிழமை அபி குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள், "அப்பா, திஸ் திங் இஸ் டூ டைட். கட் பண்ணட்டா?"

"கோயில் நூல் பிள்ளை. வெட்டக் கூடாது. தானா உக்கி விழும்."

"வாட் இஃப் இட் டஸன்ட்?"

"விழும் எண்டுறன்."

நேற்று அது சரியாக நூல் கட்டிய இடத்தில் முறிந்திருந்தது. நூல் பட்டைக்குள் புதைந்து போயிருந்தது. கிள்ளி எடுத்துப் பார்த்தேன். நைலோன். என் பேரப்பிள்ளைகள் காலத்திலும் உக்காது.

மொட்டில் மஞ்சள் தெரியத் தொடங்கியிருந்தது. வாடிச் சுருண்டு கிடந்தது.

அபி அதை எடுத்து அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்துவந்து, என் கையைப் பிடித்து, கையில் இருந்த நூலை வெட்டினாள்.

நான் கையை இழுக்கவில்லை.

சரவணனுக்குப் போன் செய்தேன்.

"வாடுனதுல கண்ணு எடுக்க முடியாதுண்ணே. தண்டும் முத்தல" என்றான். பிறகு, "அடிச்செடி உசுரோடதான இருக்கு? வேற கண்ணு கிடைச்சா மறுபடி ஒட்டலாம். கண்ணுக்கு எங்க போறது, அதான்."

அடிச்செடிக்கு ஒரு குறையும் இல்லை. காட்டு ரோசா கீழிருந்து கொழுகொழுவென்று தளிர்விடுகிறது.

இனி, இதை எழுதுவதற்கான காரணம்.

வீட்டுக்கு வந்த ஒருவரையும் சாந்தி வெறுங்கையோடு விட்டதில்லை. ஒரு ரோசாத் தடியை வெட்டி, ஈரக் கடதாசியில் சுற்றி, "நட்டுப் பாருங்கோ, வரும்" என்று கையில் திணிப்பாள்.

"ஏனப்பா சனத்துக்குக் கரைச்சல் குடுக்கிறீர்? றோட்டுக்குப் போனதும் எறிஞ்சுபோடுவினம்" என்பேன் நான்.

எறிந்திருந்தால் கோபமில்லை. நானாக இருந்தாலும் எறிந்திருப்பேன்.

யாராவது எறியாமல் விட்டீர்களா?