வெறும் மணிகள்

ஃபாபியானா ஒலாசாபால் பொறுமைசாலி என்று எங்கள் மாண்டெவிடியோ ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளைக் கெடுத்ததே அதுதான்.

அவளுடைய அப்பா வடக்கே ஆர்த்திகாஸ் பக்கம் ஆட்டுப்பண்ணையில் வேலை பார்த்தவர். சாகஸ் நோயில் இதயம் வீங்கி இறந்தார். அந்த நோயைத் தரும் கிருமியைத்தான் மகள் ஆராய்ந்தாள். கிருமிக்குள் ஒரு புரதம் இருக்கிறது. அது வேறெந்தப் புரதத்தோடு கைகோத்து மனித செல்லுக்குள் நுழைகிறது என்று தெரிந்தால், அந்தக் கையைப் பிரிக்க மருந்து தேடலாம். பொடிப்பொடி மணிகளில் அந்தப் புரதத்தை ஒட்டி, கிருமிகளை நசுக்கிய சாற்றில் ஊறவைத்துக் கழுவுவார்கள். கழுவிய பிறகும் விடாமல் ஒட்டியிருப்பதுதான் கூட்டாளி. கிருமி வளர்த்துக் கொடுப்பது என் வேலை.

மற்றவர்கள் உப்புக் கரைசலில் அடித்துக் கழுவினார்கள், ஒன்றும் மிஞ்சவில்லை. ஃபாபியானா கம்பளிச் சட்டையோடு குளிரறையில் உட்கார்ந்து, உப்பைக் குறைத்து மெல்லக் கழுவினாள். மார்ச் மாதம் ஒரு புரதம் மிஞ்சியது.

ஆய்வுக்கூடத்துக்குள் மாத்தே என்னும் எங்கள் ஊர்க் கசப்புத் தேநீரைக் குடிக்கக் கூடாது என்பதால் தாழ்வாரத்தில் வட்டமாக நிற்போம். எல்லோருக்கும் ஒரே சுரைக்குடுவை, ஒரே உறிஞ்சுகுழல். வெந்நீர் ஊற்றித் தருபவள் எப்போதும் ஃபாபியானா. முதல் குடுவை அவளுக்கு, அடுத்தது வலப்பக்கம் நிற்கும் க்ரிசெலுக்கு, அதற்கடுத்தது எனக்கு. க்ரிசெல் அவளுடைய கல்லூரித் தோழி, அவள் மகளுக்கு ஞானத்தாய். வருடக் கடைசியில் நிரப்பவிருந்த ஒரே நிரந்தர வேலைக்கு இருவருமே விண்ணப்பித்திருந்தார்கள்.

"கிடைச்சிருச்சுடி!" என்று ஃபாபியானா க்ரிசெலிடம் கிசுகிசுத்தாள், பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"எப்படிடி கழுவின?" என்றாள் க்ரிசெல்.

ஃபாபியானா எல்லாவற்றையும் சொன்னாள், உப்பின் அளவு உட்பட.

"யார்கிட்டயும் மூச்சு விடாத, ஃபாபி. அது மணியிலயே ஒட்டியிருந்தா? வெறும் மணியை வெச்சுப் பாரு. அவசரப்பட்டா நாளைக்கு நம்மளைப் பாத்துத்தான் சிரிப்பாங்க."

நல்ல யோசனைதான், அதுதான் என் வயிற்றெரிச்சல். வெறும் மணிகளில் எதுவும் ஒட்டவில்லை, ஆக அது உண்மையான கூட்டாளிதான். "வேற வகை மணியில பாத்தியா? கொஞ்சம் பொறு" என்றாள் க்ரிசெல். வேறு வகை மணிகள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். பெட்டி சுங்கத்தில் மாட்டிக்கொண்டது. ஜூனில் தொடங்கும் எங்கள் குளிர்காலம் முழுவதும் ஃபாபியானா துறைமுகத்துக்கு நடையாய் நடந்தாள்.

அக்டோபரில், வாராவாரம் புதுக் கட்டுரை படிக்கும் கூட்டத்தில், ஆய்வுக்கூடத் தலைவர் முகமெல்லாம் பல்லாகத் திரையைக் காட்டினார். "நம்ம க்ரிசெலோட கட்டுரை வந்திருக்கு!"

மடையன் மாதிரி நானும் கை தட்டினேன். பக்கம் புரண்டது. அதே இரண்டு புரதங்கள், அதே குளிர், அதே உப்பு. கடைசியில் பொடி எழுத்தில், பயனுள்ள உரையாடல்களுக்காக ஃபாபியானாவுக்கு நன்றி என்று ஒரு வரி. அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் கேட்டாள்: "நீதானேடி பொறுக்கச் சொன்ன?"

"சொன்னதுல என்ன தப்பு? நீ அப்பவே எழுதியிருக்கலாமே. உன் கையை யாரு கட்டிப்போட்டா?"

என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. டிசம்பரில் வேலையும் க்ரிசெலுக்கே போனது.

அந்த முடிவு வந்த அடுத்த திங்கட்கிழமை, மாத்தே வேளையில் க்ரிசெல் எதுவும் நடக்காததுபோல் வந்து தன் இடத்தில் நின்று கையை நீட்டினாள். ஃபாபியானா முதல் குடுவையைத் தான் குடித்துவிட்டு, மறுபடி வெந்நீர் ஊற்றி, அந்தக் கையைத் தாண்டி என்னிடம் கொடுத்தாள். வட்டத்தில் ஒருவரைத் தாண்டி மாத்தே போவதை நான் அதுவரை பார்த்ததில்லை. நான் சத்தம் வரும்வரை உறிஞ்சிக் குடித்தேன், வேண்டுமென்றேதான்.

குடுவை வட்டம் சுற்றி மறுபடி ஃபாபியானாவிடம் வந்தது.

"எனக்கு?" என்றாள் க்ரிசெல்.

ஃபாபியானா மறுபடி குடுவையில் வெந்நீர் ஊற்றினாள். அவள் கண்ணில் நீர் நின்றது. குரல் மட்டும் அடங்கியிருந்தது.

"கொஞ்சம் பொறுடி."