காப்புக் கட்டிய வீட்டில் ஒரு நீல முட்டை

“...ஓடு, தேடு, கூட்டத்தோட வெளையாடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா எடுத்த முட்டைய அங்கயே குடுத்துட்டு வந்துரணும் புள்ள. காப்புக் கட்டுன வீடு இது” என்று சொல்லிக்கொண்டே பெரியம்மா என் பின்னலின் நுனியில் ரிப்பனை இறுக்கினார். அவர் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு புதுசாகப் பளிச்சென்று இருந்தது.

அந்த வருஷம் எங்கள் தெரு அம்மன் கோயில் திருவிழாவும் வேதக்காரர்களின் ஈஸ்டரும் ஒரே வாரத்தில் வந்து நின்றன. காப்புக் கட்டிவிட்டால் மீன், இறைச்சி, முட்டை எதையும் தின்னக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெரியம்மாவின் சட்டம் அதற்கும் ஒரு படி மேல். தின்பது இருக்கட்டும், அவை வாசற்படியே தாண்டக் கூடாது. பெரியப்பா இந்தச் சட்டத்தை மிகவும் மதித்தார். மதித்ததால்தான் பகல் சாப்பாட்டைக் கடைத்தெருவிலேயே முடித்துக்கொண்டு, வாசல் குழாயில் வாய் கொப்பளித்து, ஏலக்காய் ஒன்றை மென்றபடி உள்ளே வருவார். பெரியம்மா ஏலக்காய் வாசனையைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை.

என்னைப் பிடித்துப்போட்டது இன்னொரு சட்டம். காப்புக் கட்டிய வீட்டு ஆட்கள் திருவிழா முடியும்வரை வேறிடத்தில் இராத் தங்கக் கூடாது. பள்ளிக்கூடம் விடுமுறை விட்டாயிற்று. வழக்கமாக விட்ட அன்றைக்கே நாவலப்பிட்டி பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள்; பகல் சோற்றுக்கு அம்மாவிடம் போய்விடலாம். கண்டியில் நல்ல பள்ளிக்கூடம் என்பதற்காக என்னை அங்கே விட்டிருந்தார்கள். “பெரியம்மாவுக்கும் ஒரு தொணையாச்சு” என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு யார் துணை என்று யாரும் சொல்லவில்லை. அந்தத் தடவை என் உடுப்புப் பை கட்டி வைத்தபடியே அலுமாரிக்குப் பக்கத்தில் கிடந்தது. நான் போகிற வழியிலெல்லாம் அதைத் தொட்டுவிட்டுப் போவேன்.

பெரியம்மா வருஷா வருஷம் காப்புக் கட்டினார். பாயில் படுத்து, ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டு, ஈரச் சேலையோடு கோயிலைச் சுற்றி வருவார். என்ன நேர்த்திக்கடன் என்று ஒரு தடவை கேட்டேன். “வீடு நெறையணும்னுதான்” என்றார். அவருக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது, பிள்ளை கிடையாது. எனக்கு அதெல்லாம் கணக்கில் வரவில்லை. கதிரை இருக்கிறது, மேசை இருக்கிறது, கண்ணாடி வைத்த அலுமாரிகூட இருக்கிறது, இன்னும் எதை வாங்கி நிறைக்கப்போகிறார் என்று யோசித்தேன்.

முட்டை தேடப் போகும் யோசனை மேல்வீட்டு அன்ரியுடையது. அவர் யாழ்ப்பாணத்தார், வேதக்காரர். அவர் ‘ஓம்’ என்றால் அதில் முழுச் சம்மதம் இருக்கும். எங்கள் ‘சரி’யில் அவ்வளவு கனம் கிடையாது. “பாவம், பிள்ளை தனியச் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறா. என்ர பிள்ளையளோட கூட்டிக்கொண்டு போறன் அக்கா” என்று படியில் நின்று கேட்டார். பெரியம்மா அம்மனையும் அன்ரியையும் மாறி மாறி யோசித்துவிட்டுத்தான் விட்டார்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் அன்ரியின் வேதக் கோயிலுக்குப் பின்னால் சரிவான தோட்டத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார்கள். அவித்து, சாயம் தோய்த்த முட்டைகளைச் செடியடியிலும் கல்லிடுக்கிலும் ஒளித்திருந்தார்கள். இப்போது கண்டியில் பெரிய ஹோட்டல்களெல்லாம் சொக்கலேட் முட்டை வைத்து இதை நடத்துகின்றன. அன்றைக்கு வீட்டுக்கு வீடு அவித்துக் கொண்டுவந்த கோழி முட்டைதான். தாய்மார் தோட்டத்து ஓரமாகக் கட்டிய கயிற்றுக்கு இப்பால் நின்று வழி சொல்லலாம் என்பது ஆட்டத்தின் சட்டம்.

விசில் ஊதியதும்தான் எனக்கு அந்தச் சட்டத்தின் அர்த்தம் புரிந்தது. தோட்டம் முழுக்கக் குரல். தமிழில் ஒரு தாய், இங்கிலீஷில் ஒரு தாய். சிங்களத்தில் ஒரு தாய் மகளை ‘துவே, துவே’ என்று கூப்பிட்டு இடப்பக்கம் கைகாட்டினார். நானும் திரும்பி இடப்பக்கம் ஓடினேன். அந்தப் பிள்ளை எனக்கு முன்னால் குனிந்து எடுத்துக்கொண்டாள். அன்ரி நல்லவர்தான், ஆனால் அவருக்கு இரண்டு பிள்ளைகள், ஒரே தொண்டை. கடைசியில் யாருக்கும் யாரும் கைகாட்டாத ஒரு மூலையில், உடைந்த பூச்சாடிக்குள், ஒரு நீல முட்டை எனக்குக் கிடைத்தது. கிடைத்ததைச் சொல்லத் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் அவரவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு வேன் பிடித்து ஹந்தானை மலைக்குப் போனோம். புல்லில் துணி விரித்து, பிள்ளைகள் முட்டையை உடைத்து உப்பும் மிளகுத்தூளும் தொட்டுத் தின்றார்கள். பட்டம் விட்டார்கள். கீழே கண்டி வாவி ஒரு தட்டுத் தண்ணீர் மாதிரி கிடந்தது. நான் நாவலப்பிட்டி எந்தப் பக்கம் என்று அன்ரியிடம் கேட்டேன். அவர் காட்டிய பக்கம் வெறும் மூட்டம். அப்போதுதான் முடிவு செய்தேன்: இந்த முட்டையைத் தின்பதுமில்லை, கொடுப்பதுமில்லை. அம்மாவிடம் காட்டும்வரை வைத்திருக்க வேண்டும்.

அவித்த முட்டை எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பதெல்லாம் அந்த வயதில் கேள்வியே இல்லை. வாசற்படி ஒன்றுதான் கேள்வி. எங்கள் கேட்டுக்கு வெளியே, தண்ணீர் மீட்டருக்கென்று ஒரு சிமெந்துப் பெட்டி இருந்தது. அதற்குள் இலை பரப்பி வைத்து மூடினேன். அன்று பொழுது சாயும்வரை எத்தனை தடவை போய்ப் பார்த்தேனோ தெரியாது.

மறுநாள் காலை பெரியம்மா வாசல் கூட்ட வந்தபோது நான் பெட்டியருகே குந்தியிருந்தேன். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, மூடியைத் தூக்கினார்.

“வீட்டுக்குள்ள கொண்டு வரல பெரியம்மா” என்று நான் முந்திக்கொண்டேன். “கேட்டுக்கு வெளியதான் இருக்கு.”

பையோடு என்னைப் பஸ் ஏற்றிவிடுவார் என்று நினைத்தேன். ஏற்றிவிட்டால் நல்லதுதானே என்று ஒரு மனம். சொந்த அக்கா வீட்டிலேயே பிள்ளை இப்படிச் செய்தாளே என்று அம்மாவின் முகம் சுருங்கிப்போகுமே என்று இன்னொரு மனம்.

பெரியம்மா திட்டவில்லை. ஏன் அங்கேயே தின்னவில்லை என்று கேட்டார். அம்மாவிடம் காட்டத்தான் என்றேன். கேட்டருகே படியில் உட்கார்ந்து, எப்படித் தேடினீர்கள் என்று கேட்டார். கயிறு, விசில், தாய்மார் என்று எல்லாம் சொன்னேன்.

“ஒனக்கு யாரு சொன்னா, இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு?”

“யாரும் சொல்லல பெரியம்மா. எல்லா அம்மாவும் அவங்கவங்க புள்ளைக்குத்தான் சொன்னாங்க.”

குறையாக அதைச் சொல்லவில்லை. ஆட்டத்தின் சட்டத்தை விளக்கினேன், அவ்வளவுதான். பெரியம்மா எழுந்துபோய் வாழையில் ஒரு துண்டு கிழித்து வந்து, காப்புக் கை படாமல் இலையால் முட்டையை எடுத்தார்.

“கண்ண மூடு. நான் சொல்ற வரைக்கும் தொறக்கக் கூடாது.”

சுவரில் முகம் வைத்து நின்றேன். செருப்புச் சத்தம் வீட்டைச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கமாகவே போனது. நின்றது. காத்திருந்தேன். எங்கோ ஒரு காகம் கத்தியது. பெரியம்மா கூப்பிடவில்லை. பொறுக்க முடியாமல் பின்பக்கம் போனேன். ஜம்பு மரத்தடியில், எனக்கு முதுகைக் காட்டி, இலையோடு முட்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அப்படியே நின்றிருந்தார். தோள் லேசாகக் குலுங்கியது.

ஒளிக்க இடம் கிடைக்காமல் திண்டாடுகிறார் என்றுதான் எனக்குப் பட்டது. புது ஆட்டம், பாவம், பழக்கமில்லை. “தண்ணித் தொட்டிக்குப் பின்னால வைங்க பெரியம்மா, அங்க யாருக்கும் தெரியாது” என்று மெதுவாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அங்கேயே மரத்தில் முகம் வைத்து, விரலிடுக்கு வழியே பார்த்தேன். பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் சொன்ன இடத்திலேயே முட்டையைக் கொண்டுபோய் வைத்தார்.