சக்களத்தியின் விலை

கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் வள்ளிக்கண்ணுவுக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். நான்கு சக்கரம், வெள்ளை நிறம், பதினோரு வயது. கணவர் முருகானந்தம் தொழிற்சாலையில் வெல்டர். ஞாயிறு தவறாமல் அந்தக் காரைக் குளிப்பாட்டித் துடைத்துப் பாலிஷ் போடுவார். "கெளம்பலாமா கண்ணு?" என்று அவர் வாசலில் கொஞ்சும்போது, தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று முதல் இரண்டு வருஷம் இவள் ஓடியிருக்கிறாள். போன தீபாவளிக்கு, இவள் அக்கம்பக்கத்தார் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்துச் சேர்த்த காசில் அதற்கு நாலு டயர் வந்தது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

போன வாரம் முக்கொம்பு போய்விட்டுத் திரும்பும்போது ஒரு லாரி இடித்ததில் கார் அப்பளமாக நொறுங்கியது. வள்ளிக்கண்ணுவின் இடது மணிக்கட்டு முறிந்தது. இறங்கிய முருகானந்தம் முதலில் ஓடியது காரின் முன்பக்கம் பார்க்கத்தான். அந்த வலியிலும் அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். தொலைந்தது பீடை!

இருவரும் காத்திருந்த ஒர்க்ஷாப்புக்கு இன்சூரன்ஸ் சர்வேயர் பிரவீன்ராஜ் வந்தார். ரிப்பேருக்குத் தேறாது என்றார்.

"பழைய வண்டி சார். ஒண்ணு இருபது தரச் சொல்றேன். கையெழுத்துப் போட்டா பத்து நாள்ல பணம் வந்துரும்."

பாலிசியில் போட்டிருந்த மதிப்பு ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். முருகானந்தமோ எழவு வீட்டில் நிற்பவர்போல மறுபேச்சில்லாமல் பேனாவை வாங்கினார்.

வள்ளிக்கண்ணுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு வருஷம் புருஷனைப் பறிகொடுத்தது இந்த ஒண்ணு இருபதிடமா? போயும் போயும் ஒரு மலிவுச் சரக்கிடமா தோற்றாள்? தோற்பதற்கும் ஒரு தராதரம் வேண்டாமா?

காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்கே கால்மணி நேரம் பேரம் பேசுகிற வாய் அவளுக்கு. பேனாவைப் பிடுங்கினாள்.

"ஏன் சார், மூணு மாசம் முன்னாடி ஒண்ணு தொண்ணூறுன்னு எழுதித்தானே பிரீமியம் வாங்குனீங்க? அன்னைக்கு இது கெழடுன்னு தெரியலையா?"

"மார்க்கெட் ரேட்னு ஒண்ணு இருக்குங்கம்மா."

"பில்லெல்லாம் பாருங்க. ஒரு சர்வீஸ் தப்பினதில்ல. எனக்குத் தலைவலின்னா தைலம் எடுத்துத் தராத மனுஷன், இதுக்கு வாராவாரம் ஆயில் பாத்தாரு. குறைச்சுத்தான் தருவீங்கன்னா ஏன்னு எழுதிக் குடுங்க. நுகர்வோர் கோர்ட்ல பேசிக்கிறோம்."

பிரவீன்ராஜ் வெளியே போய் யாருடனோ போனில் பேசிவிட்டு வந்தார். கட்டாயப் பிடித்தம் ஆயிரம் ரூபாய் போக முழுத் தொகைக்கும் எழுதினார்.

ஆட்டோவில் திரும்பும்போது முருகானந்தத்துக்குக் கண் கலங்கியது.

"அதைப் பத்தி இவ்வளவு பெருமையா நீ பேசுவேன்னு நெனைக்கவே இல்ல வள்ளி. அதோட ஆத்மா குளுந்திருக்கும்."

செத்தும் விடமாட்டாள் போலிருக்கிறது! அவளுக்கு மறுபடி எரிந்தது. ஒரு தகர டப்பாவுக்காக அத்தனை வாதாடியவள், தனக்காக ஒருநாளும் வாய் திறந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அதுக்கு நான் பேசிட்டேன். எனக்கு யாரு பேசுவா? எட்டு நாளா கை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. ஒரு தரம் கேட்டீங்களா?"

முருகானந்தம் அவளுடைய மாவுக்கட்டுப் போட்ட கையை மெதுவாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்க வலிக்குது?" என்றார்.

காரிடம் பேசுகிற அதே குரல். இத்தனை வருஷமும் அதை அவள் வீட்டு ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் கேட்டிருக்கிறாள்.