மெஷினில் ஒட்டாத தென்னஞ்சர்க்கரை

இந்த மாதம் முதல் வியாழக்கிழமை. ஸ்டெல்லா டீச்சர் மில்லுக்கு வந்தார். ஒரு காலில் செருப்பு. இன்னொரு காலில் கட்டு.

அதற்கப்புறம் ரெண்டு வாரம் இந்தப் பக்கத்தில் வேற எதையோ எழுதி ஓட்டினேன். மழை, பஸ், கரண்ட் கட். இதை எழுத வெட்கமாக இருந்தது. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

புதுசாகப் படிக்கிறவர்களுக்கு – பெங்களூர் காக்ஸ் டவுனில் எனக்கு மாவு மில். ரெண்டு மெஷின். ஒன்று மிளகாய்க்கு. ஒன்று ராகி, கோதுமைக்கு. என் படிப்பு ஆறாவதோடு சரி. நான் எழுதுவதைப் பத்திரிகை ஆபீஸில் திருத்திப் போடுகிறார்கள்.

மில்லுக்கு வருகிறவர்கள் ரெண்டு விதம். நின்று பார்க்கிறவர்கள். வைத்துவிட்டுப் போகிறவர்கள்.

நிற்கிறவர்களுக்குச் சந்தேகம். நம்ம கோதுமையை மாற்றிவிடுவானோ, ஒரு பிடி எடுத்துவிடுவானோ... மெஷினை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள். எடுக்க வேண்டாம். அவர்கள் கோதுமை.

டீச்சர் ரெண்டாவது விதம். இருபது வருஷமாக டப்பாவை வைப்பார். “அரைச்சு வைங்க முனுசாமி” என்பார். போய்விடுவார். திரும்பி வந்து மூடியைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். தமிழ் ஸ்கூலில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். என் ரெண்டு பெண்களும் அவரிடம்தான் படித்தார்கள்.

அன்றைக்குப் போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். கால் என்னாச்சு என்று கேட்டேன்.

சுகர். கட்டைவிரலில் புண். ஆறவே மாட்டேன் என்கிறது. இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இதையெல்லாம் சாதாரணமாகத்தான் சொன்னார். அடுத்ததைச் சொல்லும்போதுதான் குரல் மாறியது.

எப்போது டெஸ்ட் எடுத்தாலும் சுகர் ஏறியே இருக்கிறது. சாதத்தைக் குறைத்தாயிற்று. ஸ்வீட் தொடுவதில்லை. வீட்டில் சர்க்கரை டப்பாவையே ஒழித்தாயிற்று. பின்னே எப்படி ஏறும்? ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் முகத்துக்கு நேரே கேட்டாராம். மகன் ஆல்பர்ட் அதை நம்பிவிட்டான். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. நல்ல பிள்ளை. அம்மா மேல் உயிர். அதனால்தான் கோபமும். இப்போது டீச்சர் வெளியே போய் வந்தால் கைப்பையை வாங்கித் திறந்து பார்க்கிறானாம்.

“முப்பது வருஷம் பசங்க பையை நான் சோதனை போட்டேன் முனுசாமி. இப்ப என் பையை என் பையன் சோதனை போடறான்.”

சிரிக்கத்தான் பார்த்தார். வரவில்லை.

காபிக்கு என்னதான் போடுறீங்க என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன். கைப்பையைத் திறந்து ஒரு பாக்கெட்டை எடுத்தார். ஆல்பர்ட் பிரேசர் டவுன் கடையில் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்ததாம். தென்னை மரம் படம். மீதியெல்லாம் இங்கிலீஷ். டீச்சரே படித்துச் சொன்னார் – இயற்கையான தென்னஞ்சர்க்கரை. வேறு எதுவும் சேர்க்கவில்லை. சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாம்.

தாராளமாக என்று போட்டிருக்கிறதே. டீச்சரும் தாராளமாகத்தான் இருந்தார். காபிக்கு மூணு ஸ்பூன். ராகிப் புட்டுக்கு ஒரு கை.

அந்தப் பாக்கெட்டை எனக்குத் தெரியும். அதற்குள் இருக்கிற தூள் என் மெஷினில் அரைத்தது.

“ஏனு சாமி, நம் ராகி ஆய்த்தா?” என்று பின்னால் ஒரு அம்மா கன்னடத்தில் கேட்டார். ராகி எப்போதோ அரைந்துவிட்டது. மெஷின் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.

ஆறு மாதம் முன்னால் ஒரு ஆள் வந்தார். முப்பது வயசு இருக்கும். பேச்சில் பாதி இங்கிலீஷ். என்னை ‘பாஸ்’ என்பார். முதல் தடவை கட்டியாகக் கொண்டுவந்தார். தென்னம்பாளையைச் சீவி இறக்கின பதநீரைக் காய்ச்சின கட்டி. கருப்பு. அசல். ஒரு துண்டை வாயில் போட்டேன். பொய் சொல்லக் கூடாது, நன்றாக இருந்தது. லேசாகப் புகை வாசனை. இனிப்புக்கு அடியில் கொஞ்சம் உப்பு.

தூளாக்கித் தரணும் என்றார். கட்டியாக இருந்தால் பெரிய கடைகளில் வாங்க மாட்டார்களாம். ஸ்பூனில் எடுக்கிற மாதிரி வேண்டுமாம்.

மெஷினில் கொட்டினேன். அசலுக்கும் மெஷினுக்கும் ஆகாது. சூடு பட்டதும் இளகும். சல்லடையில் அப்பிக்கொண்டது. பெல்ட் வழுக்கியது. மோட்டார் முனகியது. நிறுத்தி, கழற்றி, வெந்நீர் ஊற்றிக் கழுவி... அரை நாள் போச்சு. இனிமேல் இதைக் கொண்டுவராதீங்க என்று சொல்லி அனுப்பினேன்.

பத்து நாளில் திரும்ப வந்தார். இந்தத் தடவை மூட்டை. “இது ஒட்டாது பாஸ். ஃபார்முலா மாத்தியாச்சு.”

ஒட்டவில்லை. மணல் மாதிரி ஓடியது. மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். மினுமினு என்றது. சீனி. நாம் வீட்டில் காபிக்குப் போடுகிற அதே சீனி. கொஞ்சம் தென்னை வெல்லத்தைப் போட்டுப் புரட்டி நிறம் ஏற்றியிருந்தது.

ஒட்டலையே என்று சந்தோஷப்பட்டேன். ஏன் ஒட்டலை என்று கேட்கவில்லை. தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கேட்கவில்லை. யாரோ பணக்காரர்கள் வாங்கப் போகிறார்கள், நமக்கென்ன என்று இருந்தேன். மாதாமாதம் அரைத்தேன். தென்னை மரம் போட்ட பாக்கெட்டை ஒரு தடவை கொண்டுவந்து காட்டினார்.

அந்தப் பணக்காரர்தான் ஸ்டெல்லா டீச்சர்.

“இதைச் சாப்பிடாதீங்க டீச்சர்” என்று மட்டும் அன்றைக்குச் சொன்னேன். நேச்சுரல்தானே முனுசாமி என்றார். டப்பாவைத் தூக்கிக்கொண்டு காலை இழுத்து இழுத்துப் போனார். நான் பேசாமல் நின்றேன். அது இன்னொரு தப்பு.

மூணு நாள் பொறுத்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிகிற நேரம் பார்த்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஹாலில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். கைப்பை மேஜை மேல் திறந்து கிடந்தது. ஆல்பர்ட் பக்கத்தில் நின்றான். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டான்.

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். உங்க அம்மா எதையும் திருடித் தின்னலை. நீ வாங்கிக் கொடுத்த பாக்கெட்டில் இருப்பது சீனி. கடையில் வாங்குகிற வெறும் சீனி.

“பாக்கெட்ல அப்படிப் போடலையே அங்கிள்.”

“அவன் போட மாட்டான். அரைச்சது நான். அசல்னா மெஷின்ல ஒட்டும். இது ஒட்டலை.”

ஆல்பர்ட் பாக்கெட்டை எடுத்து முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் படித்தான். எத்தனை தடவை படித்தாலும் எழுத்து மாறவா போகிறது? அப்புறம் கேட்டான் – சரி, அசல் எங்கே கிடைக்கும், அதை வாங்கிக் கொடுக்கட்டுமா என்று.

அசலும் இனிப்புதான் தம்பி என்றேன். அதைக் காய்ச்சுகிறவனே அதை வெல்லம் என்றுதான் சொல்கிறான். மருந்து என்று சொல்லவில்லை. மருந்து ஆக்கினது இந்தப் பாக்கெட்டுக்காரன். நம்பாவிட்டால் டாக்டரிடம் பாக்கெட்டைக் காட்டிக் கேள்.

ஆல்பர்ட் கைப்பையின் ஜிப்பை மூடினான். அம்மா கையில் கொடுத்தான். மூஞ்சி செத்திருந்தது.

டீச்சர் என்னைத்தான் பார்த்தார்.

“மெஷின்ல ஒட்டலைன்னப்பவே தெரியுமா முனுசாமி?”

“தெரியும் டீச்சர்.”

உள்ளே போய்க் காபி கொண்டுவந்தார். அந்த வீட்டில்தான் சர்க்கரையே கிடையாதே. கசப்பாக இருந்தது. குடித்தேன்.

செவ்வாய்க்கிழமை நம்ம ஆள் டெம்போவில் மூட்டையோடு வந்தார். இறக்காதீங்க என்றேன். ஏன் பாஸ் என்றார். சொன்னேன். கால், விரல், புண், கைப்பை – எல்லாம் சொன்னேன். பாவம் என்றார். அதைச் சொல்லிவிட்டு டெம்போக்காரரைப் பார்த்து, ஓரமா இறக்குப்பா என்றார்.

எனக்குக் கோபம் அதிகம் வராது. அன்றைக்கு வந்தது.

இதுல தென்னை எவ்வளவு, சீனி எவ்வளவு என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். ஆபீஸில் திருத்த வேண்டாம்.

“சீனி கரும்புலேர்ந்துதானே பாஸ் வருது? கரும்பு நேச்சுரல்தானே?”

எப்படி? இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? அரளியும் நேச்சுரல்தான். எருக்கம்பாலும் நேச்சுரல்தான். காபியில் ஊற்றிக் குடிக்கலாமா?

சரி, பழைய கட்டியைக் கொண்டா, அரைக்கிறேன் என்றேன். ‘கொண்டாங்க’ இல்லை. ‘கொண்டா’. ஆறு மாதத்தில் முதல் தடவை மரியாதை விட்டுப்போச்சு.

“அது மெஷின்ல ஒட்டுமே பாஸ்.”

“ஒட்டட்டும். கழுவிக்கிறேன்.”

அது கட்டுப்படி ஆகாதாம். டெம்போ திரும்பிவிட்டது. பெங்களூரில் என் மில் ஒன்றுதானா இருக்கிறது? வேறு ஒருத்தர் அரைத்துக் கொடுத்திருப்பார். ஒட்டலையே என்று அவரும் சந்தோஷப்பட்டிருப்பார்.

பிரேசர் டவுன் கடைக்கும் போனேன். அதே பாக்கெட், கண் உயரத்தில், லைட் போட்டு அடுக்கியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். டை கட்டின பிள்ளை பொறுமையாகக் கேட்டான். எங்களுக்கு வருவதை நாங்கள் விற்கிறோம் சார், எதுவானாலும் பாக்கெட்டில் இருக்கிற அட்ரஸுக்கு லெட்டர் போடுங்க என்றான். பாக்கெட்டுக்காரன் கடையைக் காட்டுவான். கடைக்காரன் பாக்கெட்டைக் காட்டுவான். டாக்டர் டீச்சரைக் காட்டினார். டீச்சருக்குக் காட்ட ஆள் இல்லை. கைப்பையைத் திறந்து காட்டினார்.

பாளை சீவிக் காய்ச்சினவனும் இதில் மாட்டிக்கொண்டான். அவன் கட்டி கருப்பாக, பிசுபிசு என்று விற்காமல் கிடக்கிறது. அவன் மரம் மட்டும் படமாகப் பாக்கெட்டில் நிற்கிறது.

ஒன்று யோசித்தேன். ஆல்பர்ட் படித்தவன். டீச்சர் முப்பது வருஷம் படிக்கச் சொல்லிக் கொடுத்தவர். அச்சில் இருந்ததை ரெண்டு பேரும் நம்பினார்கள். அது அவர்கள் தப்பா? பொய்யை அச்சடிக்கலாம் என்று இருக்கிறதே, அதல்லவா தப்பு? எனக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. மெஷின் சொன்னது மட்டும் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்த்தால் பாக்கெட்டில் அவன் அச்சடித்தது பாதிப் பொய். மீதிப் பாதி நான்.

நேற்று வியாழக்கிழமை. டீச்சர் வந்தார். சுகர் இறங்க ஆரம்பித்திருக்கிறதாம். புண் ஓரத்தில் காய்கிறதாம். விரலை இப்போதைக்கு எடுக்க வேண்டாம், ஒரு மாதம் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆல்பர்ட் பையைத் தொடுவதில்லை.

ராகி டப்பாவை வைத்தார். அரைச்சு வைங்க என்று சொல்லவில்லை. போகவும் இல்லை. ஸ்டூலை எடுத்துப் போட்டேன். உட்காரவில்லை. கட்டுப் போட்ட காலோடு மெஷின் பக்கத்தில் நின்றார். கொட்டினதிலிருந்து டப்பா நிறைகிற வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை.

இருபது வருஷத்தில் முதல் தடவை.

நில்லுங்க டீச்சர். நின்னு பாருங்க.