நானூற்றில் விட்டுப்போன நாலு பேர்

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். டாக்டர்களும் அப்படித்தான். இருபத்திரண்டு வருஷமாக லேபில் ரத்தம் எடுக்கிறவள். நரம்பே கிடைக்கவில்லை என்று மற்றவர்கள் கைவிட்ட கையை இவளிடம் நீட்டினால், இரண்டு தட்டு தட்டி, வேறு எதையோ பேசிக்கொண்டே எடுத்துவிடுவாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "எடுக்கப்போறீங்களாக்கா?" என்று நடுங்குகிற பெண்ணிடம், "எடுத்தாச்சு, எந்திரி. அடுத்த ஆள் நிக்குது" என்பாள். கை அவ்வளவு சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம்.

பிடிவாதமும் அதற்குக் குறைவில்லை. ஒரு ஆளை இரண்டு இடத்தில் எழுதுவது அவளுக்கு ஆகவே ஆகாது. ஒருமுறை ஒரே பெண்ணின் பெயர் பதிவேட்டில் இரண்டு பக்கத்தில் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று கண்டுபிடிக்கிறவரைக்கும் லேபில் ஒருவரையும் சாப்பிட விடவில்லை. "ஒரு தலைக்கு ஒரு வரி. இதுல என்ன கஷ்டம்?" என்று கேட்டவள் அவள். இந்தக் குணம்தான் பின்னால் அவளைக் குழியில் தள்ளியது.

அந்த வருஷம் நாடு முழுக்க எடுக்கும் எச்.ஐ.வி. கணக்கெடுப்பில் அந்த ஆஸ்பத்திரியையும் முதல்முறையாகச் சேர்த்தார்கள். வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முதல் செக்கப்புக்கு வருகிற கர்ப்பிணிகளில், வருகிற வரிசைப்படியே நானூறு பேர். எப்படியும் ரத்தம் எடுக்கத்தான் போகிறோம். அதில் கொஞ்சத்தை இன்னொரு குழாயில் விட்டு, பெயர் எழுதாமல் நம்பர் மட்டும் ஒட்டி, ஐஸ் பெட்டியில் தலைநகருக்கு அனுப்ப வேண்டும். யாருடைய ரத்தம் என்று அங்கே யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. எந்த ஊரில் எத்தனை பேருக்கு நோய் இருக்கும், மருந்து எங்கே எவ்வளவு வேண்டும் என்பதையெல்லாம் அந்தக் குழாய்களை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள்.

மூன்று மாதம் ஒருநாள் விடாமல் செய்தாள். ஆனால் வரிசையில் நாலு பெண்கள் வந்தார்கள், அவளுக்கு நன்றாகத் தெரிந்தவர்கள். எச்.ஐ.வி. இருக்கிறது என்று முன்பே தெரிந்து, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மருந்து அறையில் மாதாமாதம் மாத்திரை வாங்குகிறவர்கள். அங்கே அவர்கள் பெயர் ஏற்கனவே இருக்கிறதே, இங்கேயும் எண்ணினால் ஒரு தலைக்கு இரண்டு வரி ஆகிவிடாதா? அவர்களுடைய ரத்தத்தை இரண்டாம் குழாயில் விடவில்லை. பதிவேட்டில் அவர்கள் வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, பின்னால் நின்ற அடுத்த பெண்ணைச் சேர்த்துக்கொண்டாள். யாரையும் ஏமாற்றுகிற எண்ணம் எள்ளளவும் இல்லை. சரியாகச் செய்கிறோம் என்றுதான் நினைத்தாள்.

ஐந்து மாதம் கழித்து முடிவு வந்தது. நானூற்றில் ஒருவருக்கும் நோய் இல்லை. கூடவே, குறையில்லாத வேலை என்று அவளுக்கு ஒரு பாராட்டுத் தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அவள் புருஷன் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து, கூடத்தில் ஆணி அடித்து மாட்டினார்.

"பதினெட்டு வருஷமா வேன் ஓட்டறேன். ஒரு பிள்ளையையும் விட்டுட்டு வந்ததில்ல. எனக்கு யாராவது ஒரு காகிதம் குடுத்தாங்களா?"

"உங்களுக்குக் காகிதம் எதுக்கு? சட்டம் கோணலா இருக்கு, அதப் பாருங்க."

ஒரு மாதம்கூட ஆகவில்லை. லேப் வாசலில் தையல்காரி வந்து நின்றாள், இடுப்பில் நாலு மாதக் குழந்தை. புள்ளி வைத்த நாலு பேரில் அவளும் ஒருத்தி. அவளுக்கும் அவள் புருஷனுக்கும் சேர்த்து மாத்திரை வாங்குவாள். மாமியாருக்கு விஷயம் தெரியாது. நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருவாள். தையல் கடையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷ நடை.

"அக்கா, மருந்து ரூமை மூடப்போறாங்களாம். அடுத்த மாசத்துலேர்ந்து பெரிய ஊருக்குத்தான் போகணுமாம். ரெண்டு பஸ் மாறணும். நூல் வாங்கறதுக்கு யாருக்கா ரெண்டு பஸ் ஏறுவா?"

"ஏன் மூடறாங்களாம்?"

"இங்க யாருக்கும் நோயே இல்லன்னு கணக்குல வந்திருக்காம்." தையல்காரி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அப்ப நான் யாருக்கா?"

தையல்காரி போனதும் ஊசியக்கா பதிவேட்டைத் திறந்தாள். புள்ளிகள் நாலும் அப்படியே இருந்தன. அதற்குப் பிறகு அன்றைக்கு முதல்முறையாக ஒரு பெண்ணுக்கு இரண்டு தடவை குத்த வேண்டியதாயிற்று.

சாயங்காலம் புருஷனிடம் சொன்னாள். அவர் வேனைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"தெரிஞ்சவங்கன்னு விட்டுட்டியா?"

"விட்டுட்டேன்."

"என் வேன்ல நாலு பிள்ளைங்க ஏறலன்னா நான் என்ன செய்வேன்? திரும்பிப் போவேன். அவ்வளவுதான்."

"வேலை போயிடுச்சுன்னா?"

"போனா வேன்ல வந்து ஏறிக்கோ. பிள்ளைங்க சத்தம் போடாம பாத்துக்க ஆள் வேணும். உன்னப் பாத்தாலே அடங்கிடுங்க."

"நான் என்ன பூச்சாண்டியா?" என்று தண்ணீர் வாளியை நகர்த்தி வைத்தாள். ஆனால் மனசுப் பாரம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ஐஸ் பெட்டி மூடியில் கணக்கெடுப்பை மேற்பார்க்கும் டாக்டரம்மாவின் நம்பர் ஒட்டியிருந்தது. மறுநாள் காலையில் கூப்பிட்டாள். நாலாம் நாள் டாக்டரம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். ஒல்லியான ஆள், அளந்து பேசுகிறவர். ஊசியக்கா பெயர்கள் இருந்த பக்கத்தை ஒரு காகிதத்தால் மறைத்துக்கொண்டு, புள்ளிகளை மட்டும் காட்டினாள்.

"ஏன் விட்டீங்க?"

"ஏற்கனவே ரிஜிஸ்டர்ல இருக்கறவங்க டாக்டர். ஒருத்தர ரெண்டு தடவை எண்ணலாமா?"

"நாங்க நோயாளிங்கள எண்ணலக்கா. வாசல்ல வர்ற நானூறு பேர்ல எத்தனை பேருக்கு இருக்குன்னு பாக்கறோம். வந்தவங்களையே தள்ளிட்டீங்கன்னா, மிச்சம் இருக்கறது இந்த ஊர் இல்ல. நீங்களா உண்டாக்கின ஒரு ஊர்."

"சரி, அந்த நாலையும் இப்பச் சேத்துக்குங்க."

"முடியாது. அவங்களுக்குப் பதிலா வேற நாலு பேர உள்ள விட்டிருக்கீங்க. மொத்தமும் போச்சு."

"அப்ப மறுபடியும் எடுக்கறேன்."

"நானூறும்?"

"நானூறும். ஆனா அது முடியறவரைக்கும் மருந்து ரூம் இங்கதான் இருக்கணும். அதச் சொல்லாம உங்க ஜீப்ப நான் விடமாட்டேன்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "நான் கேட்டுப் பாக்கலாம். அதுக்கு நீங்க தப்பு உங்களுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். பாராட்டுத் தாளையும் திருப்பி அனுப்பணும். உங்க பேர் அடிபடும்."

"தாள் கிடக்கட்டும். பேனாவக் குடுங்க."

ஒரே மூச்சில் எழுதினாள். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

அறையை மூடுவது நிறுத்திவைக்கப்பட்டது. அவளுக்கு ஒரு கண்டிப்புக் கடிதம் வந்தது, அதைக் கோப்பில் வைத்துக்கொண்டாள். ஆனால் அந்த நாலு புள்ளி அதோடு நிற்கவில்லை. டாக்டரம்மா மற்ற ஆஸ்பத்திரிகளையும் விசாரித்தார். இன்னும் ஆறு இடத்தில் இதே கூத்து. ஒருத்தர் பாவம் பார்த்து விட்டிருந்தார், ஒருத்தர் இவளைப் போலவே நியாயம் பார்த்து விட்டிருந்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெயர் இல்லாத குழாய், யார் வந்து கேட்கப்போகிறார்கள்? அடுத்த கணக்கெடுப்புக்கு வந்த பயிற்சிப் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே ஒரு வரி கொட்டை எழுத்தில் இருந்தது: நோய் இருப்பது முன்பே தெரிந்தவர்களையும் வரிசையில் விடாமல் சேர்க்கவும்.

ஊசியக்கா மறுபடியும் முதல் குழாயிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டாம் மாதம் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். மருந்து அறையில் மாத்திரை வாங்குகிறவள்தான்.

"இந்தக் குழாய் எதுக்குக்கா? என் விஷயம் உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியும். கணக்குக்குத் தெரியாதே. கைய நீட்டு."

இந்த முறை முடிவு பூஜ்யமாக வரவில்லை. எத்தனை என்று அவள் வெளியே சொல்லவும் இல்லை. மாடிப்படிக்குக் கீழே மருந்து அறை அப்படியே இருந்தது. பழைய பலகைக்குப் பதில் புதுப் பலகை மாட்டினார்கள். வீட்டுக் கூடத்து ஆணி வெறுமனே நிற்கக் கூடாது என்று புருஷன் அதில் வேன் சாவியை மாட்டத் தொடங்கினார்.

தையல்காரி வழக்கம்போல மாதா மாதம் வந்தாள். மாத்திரையை வாங்கிப் பைக்கு அடியில் வைத்து, மேலே நூல்கண்டுகளைப் பரப்பிக்கொள்வாள். குழந்தை இப்போது தத்தித் தத்தி நடந்து லேப் கதவைத் தட்டியது.

"ஏண்டி, மாசாமாசம் இவ்வளவு நூல் வாங்கி ஊருக்கே துணி தைக்கப்போறியா?"

"மாமியாரும் அதத்தான் கேக்கறாங்கக்கா. வர்றேன், பத்து நிமிஷத்துல கடையில இருக்கணும்."

"குழந்தையத் தூக்கிக்க. நடக்கவிட்டா அரைமணி ஆயிடும்."